எழுதுகோலும் எழுதும் கையும்

உழவனுக்கு ஏர், தச்சனுக்கு உளி, குயவனுக்குத் திகிரி. தொழில் செய்வார் ஒவ்வொருவர்க்கும் தாம் கையாளும் கருவியின்மேல் தனிப்பற்று உண்டு. நெடுநாள் பழகிய உளியைப் பிறர் எடுத்துச் செதுக்கத் தொடங்கினால் தச்சன் மனம் பொறான். அக்கருவியின் எடையும் கூர்மையும் அவன் கைக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் அது தன்னுடையதா பிறருடையதா என்று அவன் சொல்லிவிடுவான். எழுதுவார்க்கும் இத்தகைய கருவி ஒன்று உண்டு. அதுவே எழுதுகோல். மூன்று விரல்களுக்கு இடையே அடங்கும் சிறு கோல் அது. சிலர் ஒரே எழுதுகோலை ஆண்டுக்கணக்காகப் போற்றிக் காக்கின்றனர். சிலர் பலவகை எழுதுகோல்களைத் தேடித் தொகுத்து மகிழ்கின்றனர். இச்சிறு கருவியின்மேல் மக்கள் இத்துணை அன்பு கொள்வது ஏன்? அவ்வன்பு வீண் ஆசையா, பயனுள்ள பற்றா? எழுதுகோல் வளர்ந்த வரலாற்றை அறிந்தால் இவ்வினாக்களுக்கு விடை காணலாம்.

கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குச் செல்லும் சாலையில் மங்கலம்பேட்டை என்னும் பேரூர் அமைந்துள்ளது. அதன் அண்மையில் உள்ள விருத்தாசலம், மணிமுத்தாற்றின் கரையில் பழமலைநாதர் கோயில் கொண்ட பழம்பதி. திருமுதுகுன்றம் என்பது அதன் பழைய பெயர். இக்காலத்தில் அந்நகரம் பீங்கான் தொழிலால் பெயர் பெற்றுள்ளது. மின்சாரக் கம்பிகளைத் தாங்கும் பீங்கான் குமிழ்களும், அகல் விளக்குகளும், பொம்மைகளும் அங்கே சூளைகளில் வெந்து வெளிவருகின்றன. பீங்கான் தொழிலைக் கற்பிக்கும் அரசு நிறுவனம் ஒன்றும் அங்கே உள்ளது. மண்ணைப் பிசைந்து, உருக் கொடுத்து, தீயில் சுட்டுப் பயன்படு பொருளாக்கும் தொழில் அது. எழுதுகோலைப் பற்றிப் பேசப் புகுங்கால் மண்ணைப் பற்றிய பேச்சு எதற்கு என்று மாணவர் கேட்கலாம். எழுத்தின் வரலாறே மண்ணில்தான் தொடங்குகிறது என்பதே அதற்கு விடை.

ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர்ச் சுமேரிய நாட்டு மக்கள் ஈரக் களிமண்ணைப் பலகை போலத் தட்டினர். ஆற்றங்கரையில் விளைந்த நாணலை நறுக்கி, அதன் முனையை அம்மண்ணில் அழுத்தி எழுத்துகளைப் பதித்தனர். எழுதுகோலின் முதல் வடிவங்களுள் ஒன்று அந்நாணல். தமிழ்நாட்டிலும் மண்கலங்கள் பழைய எழுத்தைச் சுமந்து நிற்கின்றன. புதுச்சேரிக்கு அருகில் உள்ள அரிக்கமேட்டிலும், கொங்கு நாட்டுக் கொடுமணலிலும், வைகைக் கரையில் உள்ள கீழடியிலும் தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்துள்ளன. கீழடியில் கிடைத்த ஓடுகளில் ஆதன், குவிரன் முதலிய பெயர்கள் காணப்படுகின்றன. கூரிய முனை ஒன்றைக் கொண்டு தம் பெயரைத் தம் பானையில் கீறிய அப்பழந்தமிழர், அரசரும் அல்லர். புலவர் எனப் புகழ் பெற்றவரும் அல்லர். எழுதத் தெரிந்த எளிய மக்கள் அவர்கள். அவர்கள் கையில் இருந்த கூர்முனை மறைந்துவிட்டது. அவர்கள் எழுதிய பெயர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் அழியவில்லை.

மண்ணுக்குப் பின் தமிழ்நாட்டில் நெடுங்காலம் எழுத்தைத் தாங்கியது பனையோலை. பனையோலையில் எழுதும் கருவி எழுத்தாணி எனப்பட்டது. அஃது இரும்பினால் ஆயது. மை தொட்டு எழுதுவதன்று. ஓலையின் மேற்பரப்பைக் கீறிச் செல்வது. எழுத்தாணியில் குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி எனப் பல வகை உண்டு. தலைப்பக்கம் குண்டாக அமைந்தது முதல் வகை. ஓலையை வாருவதற்கு ஏற்ற தட்டையான பகுதியும் உடன் கொண்டது இரண்டாம் வகை. கைப்பிடிக்குள் மடக்கி வைத்துக்கொள்ளத் தக்கது மூன்றாம் வகை. இக்காலத்தார் சட்டைப் பையில் பேனாவைச் செருகிக்கொள்வது போல, அக்காலத்தார் மடக்கெழுத்தாணியை இடுப்பில் செருகிக்கொண்டு சென்றனர்.

ஓலையில் எழுதுதல் எளிய செயலன்று. இடக்கையில் ஓலையைப் பிடித்து, வலக்கையில் எழுத்தாணியை நிறுத்தி எழுத வேண்டும். பழகிய கையினர் இடக்கைப் பெருவிரலின் நகத்தை வளர்த்து, அதில் பிறை போன்ற பள்ளம் அமைத்து, அப்பள்ளத்தில் எழுத்தாணியைத் தாங்குவர். கை ஓரிடத்தில் நிற்க ஓலையே நகர்ந்து செல்லும். அழுத்தம் மிகுந்தால் ஓலை கிழியும். குறைந்தால் எழுத்து விளங்காது. புள்ளி வைத்தால் ஓலை துளைபடும் என்று அஞ்சி, மெய்யெழுத்துகளுக்குப் புள்ளியிடாமலே எழுதி வந்தனர். எழுதி முடித்தபின், எழுத்து விளங்கும்பொருட்டு ஓலையில் விளக்குக் கரியையும் இலைச்சாற்றையும் மஞ்சளையும் தடவுவர். கல்வி தொடங்கும் சிறுவனுக்கு இவ்வாறு மை தடவிய ஓலையைக் கொடுத்து நிகழ்த்திய விழாவே மையாடல் விழா எனப்பட்டது. ஒரு குழந்தையின் கைக்கு எழுத்து வந்து சேர்வதை ஊரே கூடிக் கொண்டாடிய காலம் அது.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) பாடல்களை வாய்மொழியாகச் சொல்லச் சொல்ல, மாணாக்கர் ஓலையில் எழுதிச் செல்வர். அவர் பாடும் விரைவுக்கு ஈடு கொடுத்து எழுதுவது மாணாக்கர்க்குப் பெரும் பயிற்சியாக இருந்தது. அம்மாணாக்கருள் ஒருவராகிய உ. வே. சாமிநாதையர் (1855–1942) பின்னாளில் ஊர் ஊராகச் சென்று ஏட்டுச் சுவடிகளைத் தேடினார். பழந்தமிழ் நூல்களை அச்சேற்றினார். 1887 இல் அவர் பதிப்பித்த சீவக சிந்தாமணி வெளிவந்தது. அவர் பெயரால் 1943 இல் சென்னையில் நிறுவப்பட்ட நூல்நிலையத்தில் அவர் தொகுத்த சுவடிகள் காக்கப்பட்டு வருகின்றன. அவற்றை எழுதிய கைகளுள் பலவற்றின் பெயர் உலகுக்குத் தெரியாது. அந்த எழுத்தாணிகளும் இன்று இல்லை. ஆயினும், அந்தக் கைகள் தளராது கீறிய காரணத்தால்தான் தமிழர் தம் பழஞ்செல்வத்தை இழக்காமல் இருக்கின்றனர். எழுதுகோலின்மேல் கொள்ளும் அன்புக்கு முதற் காரணம் இதுவே ஆகும்.

தாள் பரவியபோது மை தேவைப்பட்டது. தமிழ்நாட்டில் கடுக்காயைக் கொண்டு மை செய்யும் வழக்கம் இருந்தது. கடுக்காயின் துவர்ப்புச் சாறும் இரும்பின் உப்பாகிய அன்னபேதியும் சேர்ந்தால் கருமை தோன்றும். எழுதும்போது வெளிறித் தோன்றும் அந்த மை, காற்றுப் பட்டபின் கருத்து நிலைபெறும். ஐரோப்பிய நாடுகளிலும் மாசிக்காய் போன்ற துவர்ப்புக் காய்களிலிருந்து இவ்வகை மையே செய்யப்பட்டது. அங்கே வாத்தின் இறகைச் சீவி மையில் தோய்த்து எழுதினர். 'பேனா' என்னும் சொல்லே இறகு எனப் பொருள்படும் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து தமிழுக்கு வந்தது. மேசையும் அலமாரியும் சாவியும் வந்த வழியில் பேனாவும் வந்தது. ஆகவே, இன்று நெகிழிப் பேனாவைக் கையில் எடுக்கும் மாணவன், பெயரளவில் ஒரு பறவையின் இறகையே எடுக்கிறான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் எஃகு முனைகள் பெருமளவில் செய்யப்பட்டன. மரக்கட்டையில் செருகிய எஃகு முனையை மையில் தொட்டுத் தொட்டு எழுதும் வழக்கம் உலகெங்கும் பரவியது. பள்ளி மேசைகளில் குழி அமைத்து, அதில் பீங்கான் மைக்கூட்டைப் பதித்து வைத்தனர். பீங்கான் மையை உறிஞ்சாது. மையினால் அரிக்கப்படுவதும் இல்லை. கழுவினால் கறை நீங்கும். மண்ணில் தொடங்கிய எழுத்து மறுபடியும் சுட்ட மண்ணின் துணையை நாடியது.

தொட்டு எழுதும் முனையால் உலகம் எவ்வளவு பெரிய பணியைச் செய்ய முடிந்தது என்பதற்கு இந்திய நாட்டிலேயே சான்று உண்டு. இந்திய அரசியலமைப்பின் ஆங்கில மூலப்படியைக் கையால் எழுதித் தந்தவர் தில்லியைச் சேர்ந்த பிரேம் பிகாரி நாராயண் ரைசாதா. அவர் தொட்டெழுதும் பேனாவினாலேயே அதனை முழுதும் எழுதினார். ஏறத்தாழ ஆறு திங்கள் உழைத்த அப்பணிக்கு அவர் ஊதியம் வேண்டவில்லை. தம் பெயரும், தமக்கு எழுத்துக்கலையைக் கற்பித்த தம் பாட்டனார் பெயரும் அதில் இடம்பெற வேண்டும் என்று மட்டும் வேண்டினார் என்பர். 1950 ஆம் ஆண்டு சனவரி 24 ஆம் நாள் அரசியலமைப்பு அவையின் உறுப்பினர் அப்படியில் கையொப்பம் இட்டனர். வரைவுக்குழுவின் தலைவராக இருந்த அம்பேத்கரும் எழுதுகோல்களை மிக விரும்பியவர். நூல்களைத் தொகுத்தது போலவே நல்ல பேனாக்களையும் அவர் தேடித் தொகுத்தார். கைக்கு நிறைந்த பருமனான பேனாக்கள் அவருக்கு உவப்பானவை. வகுப்பறையில் மற்றவரோடு ஒக்க அமரவும் இடம் பெறாத இளமையைக் கடந்து வந்தவர் அவர். அவர் கையில் இருந்த பேனாவை வெறும் அணிகலன் என்று எவரும் எண்ணார்.

மையைத் தொட்டுத் தொட்டு எழுதும் தொல்லையை நீக்கப் பலர் முயன்றனர். நியூயார்க்கு நகரில் லூயிசு வாட்டர்மன் என்பவர் 1884 இல் மையூற்றுப் பேனாவுக்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் தந்தித்தொழில் கற்பித்த ஆசிரியராகிய ஜார்ஜ் பார்க்கர், தம் மாணாக்கருடைய பேனாக்கள் அடிக்கடி ஒழுகுவது கண்டு அவற்றைச் செப்பனிட்டுக் கொடுத்தார். செப்பனிட்டுச் சலித்த அவர், ஒழுகாத பேனாவைத் தாமே செய்ய முற்பட்டார். 1888 இல் அவர் தொடங்கிய தொழிலே பின்னர் உலகப் புகழ் பெற்றது. மாணாக்கரின் மைக்கறை படிந்த விரல்களே ஒரு பெருந்தொழிலுக்கு வித்தாயின.

மையூற்றுப் பேனா இயங்கும் முறை வியப்பைத் தருவது. விருத்தாசலத்து அகல் விளக்கில் எண்ணெய் திரியின் நுண்ணிய இழைகளின் வழியே தானாக மேலேறிச் சுடரை அடைகிறது. பேனாவிலும் அதே நுண்புழை ஆற்றலே வேலை செய்கிறது. முனையின் நடுவே மயிரிழை போன்ற பிளவு ஒன்று உண்டு. முனைக்கு அடியில் நாக்குப் போன்ற கட்டை ஒன்று அமைந்துள்ளது. அக்கட்டையின் நுண்ணிய வாய்க்கால் வழியே மை இறங்கிப் பிளவை அடைந்து தாளைத் தொடுகிறது. மை வெளிவரும் அளவுக்குக் காற்று உள்ளே சென்றால்தான் அடுத்த மை இறங்கும். காற்று மிகுதியாகப் புகுந்தால் மை கொட்டும். புகாவிட்டால் மை நின்றுவிடும். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள அளவைக் காத்து நிற்பதே நல்ல பேனாவின் இலக்கணம். மையைப் பேனாவின் உடலிலேயே ஊற்றி நிரப்பும் வகையில், மை குறைந்தபோது கையின் வெம்மையால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து மையைத் தள்ளும். சட்டைப் பையில் நீல வட்டங்கள் தோன்றுவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. அதனை அறிந்தவர் மை பாதி குறையுமுன்னே மீண்டும் நிரப்பி விடுவர்.

பழைய மைகள் புளிப்புத் தன்மை உடையவை. ஆதலின் எஃகு முனையை அரித்தன. பொன்னை அவை அரிக்கவில்லை. அதனாலேயே உயர்ந்த பேனாக்களுக்குப் பொன்முனை வைக்கும் வழக்கம் ஏற்பட்டது. பொன் மென்மையானது, தாளில் உராய்ந்தால் விரைவில் தேயும். ஆகவே, அதன் நுனியில் இரிடியம் முதலிய கடினமான உலோகக் கலவையில் ஒரு சிறு மணியைப் பற்றவைத்தனர். பேனாவின் உடலுக்கு எபோனைட்டு என்னும் பொருள் பயன்பட்டது. இரப்பரோடு கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்துச் சூடேற்றினால் அது கருங்காலி மரம் போலக் கெட்டியாகும். எபோனைட்டு கைக்குக் குளிர்ச்சியாக இராது, வியர்வையில் வழுக்காது. அதனைக் கடைசல் பொறியில் பொருத்தித் தேவையான வடிவில் கடையலாம். இந்த இயல்பே இந்தியக் கைவினைஞர்க்குப் பேனாத் தொழிலின் வாயிலைத் திறந்தது.

விடுதலைப் போர் நிகழ்ந்த காலத்தில் சந்தையில் விற்ற நல்ல பேனாக்கள் பெரும்பாலும் அயல்நாட்டிலிருந்து வந்தவை. உடுத்தும் துணியில் தன்னுரிமை வேண்டியோர், எழுதும் கோலிலும் அதனை வேண்டினர். ஆந்திர நாட்டில் கோதாவரிக் கரையில் உள்ள இராசமுந்திரியில், நுண்ணிய உலோக வேலையில் வல்லவரான கே. வி. ரத்னம் என்பவர் காந்தியடிகளின் அறிவுரையால் ஊக்கம் பெற்று எபோனைட்டுப் பேனாக்களைச் செய்தார். தாம் செய்த பேனா ஒன்றைத் தஞ்சாவூரில் பிறந்த பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பாவின் வாயிலாக அடிகளுக்கு அனுப்பினார். அடிகள் அதனை உடனே புகழ்ந்துவிடவில்லை, எழுதிப் பார்த்தார். கடைத்தெருவில் காணப்படும் அயல்நாட்டுப் பேனாக்களுக்கு அது நல்ல மாற்றாகத் தோன்றுகிறது என்று 1935 இல் ரத்னத்துக்கு மடல் எழுதினார். மையிலும் இவ்வுணர்ச்சி பரவியது. 1931 இல் பம்பாயில் தண்டேகர் என்பவர் மைத்தூளும் மைவில்லையும் செய்து விற்கத் தொடங்கினார். வங்காளத்தில் 1934 இல் சுலேகா என்னும் மைத் தொழில் தோன்றியது. சுலேகா என்பதற்கு நல்ல எழுத்து என்பது பொருள்.

தமிழ்நாடும் இத்தொழிலில் பின்தங்கவில்லை. சென்னைப் பாரிமுனையில் 1920களில் தொடங்கப்பெற்ற ஜெம் அண்டு கோ என்னும் கடை, பேனா விற்பதோடு செப்பனிடுவதிலும் பெயர் பெற்றது. அதன் 'காமா' பேனாக்களை அறியாத பழைய எழுத்தர் சென்னையில் மிகச் சிலரே இருப்பர். முதலமைச்சராக விளங்கிய மு. கருணாநிதி (1924–2018) அங்கே விற்ற 'வாலிட்டி' என்னும் இந்தியப் பேனாவை விரும்பிக் கையாண்டார் என்பர். திருவள்ளூரில் 'ரங்கா' என்னும் பெயரில் எபோனைட்டுப் பேனாக்கள் இன்றும் கையால் கடையப்படுகின்றன. வேண்டுவோர் தம் கையின் அளவுக்கும் எழுதும் பழக்கத்துக்கும் ஏற்ற பேனாவைச் சொல்லிச் செய்வித்துக்கொள்கின்றனர். கடல் கடந்த நாடுகளிலிருந்தும் அவற்றை விரும்பி வாங்குவோர் உளர். அயல்நாட்டுப் பேனாவுக்கு மாற்றுத் தேடிய நாட்டிலிருந்து இப்போது பேனா அயல்நாட்டுக்குச் செல்கிறது.

இனி, எழுதுகோலைக் கையாளுவதில் உள்ள இன்பத்தைக் காண்போம். காலையில் எழுந்து மைப்புட்டியைத் திறந்து, பேனாவில் மை நிரப்பி, கழுத்தில் ஒட்டிய மையைத் துணியால் துடைத்து, மூடியைத் திருகி வைப்பதே எழுதுவதற்கு முன்னர் மனத்தை ஒருமைப்படுத்தும் பயிற்சி ஆகும். நல்ல முனை தாளில் ஓடும்போது அழுத்தம் வேண்டுவதில்லை. அதன் எடையே போதுமானது. மை ஈரமாகப் படிந்து மெல்ல உலர்வதைக் காணும் கண்ணுக்கு அது தனி மகிழ்ச்சி. நெடுங்காலம் ஒருவரே எழுதி வந்தால், அவர் பேனாவைச் சாய்க்கும் கோணத்துக்கு ஏற்ப முனை சிறிது சிறிதாகத் தேய்ந்து பழகும். பிறகு அது அவர் கைக்கு மட்டுமே வழவழப்பாக எழுதும். வேறொருவர் எழுதினால் கீறும். இதனாலேயே பழைய எழுத்தரும் ஆசிரியரும் தம் பேனாவை இரவல் கொடுக்க மிகவும் தயங்கினர். அது கஞ்சத்தனம் என்று பிறர் எண்ணினர். உண்மையில் அது கருவியை அறிந்தவனின் எச்சரிக்கையே ஆகும்.

பேனாக்களைத் தொகுப்போரின் இன்பம் வேறொரு வகை. ஒருவர் பழைய இந்தியப் பேனாக்களையே தேடுவர். ஒருவர் மை நிரப்பும் முறைகள் அனைத்தையும் தொகுப்பர்: சொட்டுக்குழலால் ஊற்றுவது, இரப்பர்ப் பையை நெம்புகோலால் அழுத்தி உறிஞ்சச் செய்வது, திருகி இழுப்பது என அவை பல. ஒருவர் தம் தந்தையார் எழுதிய ஒரே பேனாவைப் பெட்டியில் போற்றி வைத்திருப்பர். அழகிய பேழையில் வரிசையாக அடுக்கிய பேனாக்களைக் காணும்போது, கைத்தொழிலின் வளர்ச்சி முழுவதும் கண்முன் நிற்கும். கடைந்தவர் கை, பொன்முனையைத் தேய்த்தவர் கை, எழுதியவர் கை ஆகிய மூன்றும் அதில் அடங்கியுள்ளன.

ஆயினும், தொகுப்பதில் ஓர் இடர் உண்டு. எழுதப்படாத பேனாவில் மை உலர்ந்து நுண்ணிய வழிகள் அடைபடும். ஏறைக் கொட்டிலில் பூட்டி வைத்தால் துருப்பிடிப்பது போல, பேனாவும் பேழையில் கிடந்து பயன் கெடும். விலை மிகுந்தது என்பதற்காகவே வாங்கி, பிறர் காண்பதற்காகவே வைத்திருப்போர் எழுதுகோலை உடையவர் ஆவர். எழுதுகோலின் பயனை உடையவர் ஆகார். ஆதலின், அறிந்து தொகுப்போர் முறை வைத்து ஒவ்வொரு பேனாவையும் எடுத்து எழுதுவர். மாற்றி வைக்கும்போது குளிர்ந்த நீரில் நன்றாகக் கழுவி உலர்த்துவர். தொகுப்பின் பெருமை எண்ணிக்கையில் இல்லை. அதில் உள்ள பேனாக்களுள் எத்தனை எழுதும் நிலையில் உள்ளன என்பதில் உள்ளது.

அங்கேரி நாட்டுச் செய்தியாளர் லாசுலோ பிரோ, செய்தித்தாள் அச்சிடும் மை விரைவில் உலர்வதைக் கண்டு, அதற்கேற்ற பந்துமுனைப் பேனாவை உருவாக்கி 1938 இல் காப்புரிமை பெற்றார். முனையில் சுழலும் சிறு குண்டு மையைத் தாளில் தடவிச் செல்கிறது. அஃது ஒழுகுவதில்லை, விலையும் மலிவு. மங்கலம்பேட்டை போன்ற பேரூர்களின் கடைகளிலும் இன்று சிறு காசுக்குப் பேனா கிடைப்பது அக்கண்டுபிடிப்பின் பயன். ஏழை மாணவன் எழுதுவதற்குப் பேனா இல்லை என்று வருந்திய நிலை பெரிதும் நீங்கியது. அதனை நன்றியோடு ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். அதே வேளையில், மை தீர்ந்ததும் பேனாவை எறிந்துவிடும் பழக்கமும் வந்தது. எறியப்பட்ட நெகிழிப் பேனாக்கள் மண்ணில் மக்குவதில்லை. பேனா செப்பனிடும் தொழிலும் அருகிவிட்டது. ஒரு பொருளைச் செப்பனிட்டுப் பல்லாண்டு காக்கும் மனப்பான்மை குறைவது, பேனாவோடு மட்டும் நின்றுவிடும் இழப்பன்று.

எழுதுகோலின் அருமையை நன்கு உணர்ந்தவர் யார்? பொன்முனைப் பேனாவைப் பேழையில் வைத்திருப்பவரைக் காட்டிலும், நெடுநாள் எழுதுகோல் கிட்டாதிருந்து பின்னர்ப் பெற்றவரே அதனை நன்கு உணர்வர். கல்வி பெறாதோர் ஆவணங்களில் பெருவிரலை மையில் தோய்த்து அழுத்தினர். அதற்குக் கைநாட்டு என்று பெயர். எழுதியிருப்பது இன்னது என்று அறியாமல் கைநாட்டு இட்டு, நிலத்தையும் உழைப்பையும் இழந்தவர் பலர். 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் அறிவொளி இயக்கம் பரவியது. புதுக்கோட்டை மாவட்டத்தில் கல்லுடைக்கும் பெண்களும் வயலில் உழைக்கும் பெண்களும் மாலை வேளையில் விளக்கொளியில் அமர்ந்து எழுதக் கற்றனர். சம்மட்டி பிடித்துக் காய்த்த கை, பேனாவைப் பிடிக்க முதலில் நடுங்கிற்று. சில திங்களில் அக்கை தன் பெயரை எழுதிற்று. அவர்கள் கையில் இருந்தது விலை மலிந்த பேனா. அதனால் எழுதப்பட்ட கையெழுத்தின் மதிப்பை எந்தப் பொன்முனையும் மிஞ்சிவிட முடியாது. கீழடியில் தன் பெயரைப் பானையில் கீறிய மனிதனும், தன் பெயரைத் தாளில் எழுதிய இப்பெண்ணும் அடைந்த பெருமிதம் ஒன்றே.

கடலூரைச் சேர்ந்த திருப்பாதிரிப்புலியூரில் 1906 இல் பிறந்த ஒரு குழந்தைக்கு விருத்தாசலம் என்று பெயரிட்டனர். அவரே தமிழ்ச் சிறுகதைக்குப் புதுநெறி வகுத்த புதுமைப்பித்தன். எழுத்தையே தொழிலாகக் கொண்ட அவர், வறுமையிலும் நோயிலும் வருந்தி 1948 இல் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற செல்வம் எழுதிய தாள்களே. எழுதுகோலை நம்பி வாழ்தல் எவ்வளவு அரியது என்பதையும், எழுதியது எவ்வாறு நிலைக்கும் என்பதையும் அவர் வாழ்க்கை காட்டுகிறது.

கலைமகள் விழா நாளில் தமிழ்நாட்டு வீடுகளில் நூல்களையும் எழுதுகோல்களையும் வைத்து வழிபடுவர். உழவர் வீட்டில் அவற்றின் அருகே அரிவாளும் மண்வெட்டியும் இடம்பெறும். மறுநாள் அவற்றை எடுத்து மீண்டும் தொழிலில் ஈடுபடுத்துவது மரபு. வழிபட்ட கருவியை வழிபாட்டு இடத்திலேயே விட்டுவிடுவதில்லை. எழுதுகோலின்மேல் கொள்ளும் அன்பும் அவ்வாறே அமைதல் வேண்டும்.

ஆகவே, எழுதுகோலின்மேல் கொள்ளும் பற்று வீண் ஆசை ஆகாது. அதனை எடுத்து எழுதும்வரையில் அது நல்ல பற்றே. மாணவர் தமக்கென நல்ல பேனா ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். அது விலை உயர்ந்ததாக இருத்தல் வேண்டா. கைக்குப் பொருந்துவதாகவும், கழுவிச் செப்பனிட்டு நெடுநாள் காக்கத் தக்கதாகவும் இருந்தால் போதும். அதனைக் கொண்டு நாள்தோறும் ஒரு பக்கமேனும் தெளிவாக எழுதுதல் வேண்டும். கண்டதைக் கண்டவாறும், எண்ணியதை எண்ணியவாறும் எழுதப் பழகுதல் வேண்டும். எழுதத் தெரியாத ஒருவர் விண்ணப்பம் எழுதித் தருமாறு கேட்டால், முகம் சுளிக்காமல் எழுதித் தருதலும், எழுதியதை அவர் விளங்கிக்கொள்ளுமாறு படித்துக் காட்டிய பின்னரே கையொப்பம் பெறுதலும் வேண்டும். இயன்றால் அவர் தம் பெயரைத் தாமே எழுதவும் கற்றுக் கொடுக்கலாம். அப்போது தம் பேனாவை அவர் கையில் கொடுக்கத் தயங்குதல் வேண்டா. முனை சிறிது தேய்ந்தாலும் அது நல்ல தேய்வே.